ஏறாத குதிரை

குதிரையின் காதில் ஐந்தெழுத்தை ஓதியவர் சேரமான் பெருமாள் நாயனார். சுந்தரர் திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமேல் கயிலைக்குப் புறப்பட்டுவிட்டார் என்று தெரிந்ததும், பக்கத்தில் நின்ற குதிரைமேல் தாவி ஏறி அதன் செவியில் பஞ்சாட்சரத்தைச் சொன்னார். குதிரை மண்ணை விட்டு எழும்பியது. ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்த யானையை வலம் வந்து அதற்கு முன்னால் பறந்தது. சேக்கிழார் பெரியபுராணத்தை நிறைவு செய்கிற இடத்தில் வைத்த காட்சி இது. குரு சீடன் காதில் ஓதிய கதைகள் நம்மிடம் ஏராளம். ஒரு வாயில்லா ஜீவனின் காதில் ஓத, அது கேட்டுக்கொண்டு, ஓதியவரையும் சுமந்துகொண்டு சிவலோகம் போய்ச் சேர்ந்த கதை இது ஒன்றுதான் எனக்குத் தெரியும். எப்போது நினைத்தாலும் கை மயிர் எழுந்து நிற்கும்.

இந்தக் கதையில் பாதி எங்கள் பக்கம் நடந்தது என்பதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. சேரமானிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பிய சுந்தரரைச் சிவபெருமானின் பூதகணங்கள் வேடர்களாக வந்து வழிப்பறி செய்த ஊர் திருமுருகன்பூண்டி. மறுபடி சேரமானைப் பார்க்கப் போகும் வழியில், முதலை விழுங்கிய பிள்ளையை அவர் பாடி மீட்ட ஊர் அவிநாசி. இரண்டுமே இன்றைக்குத் திருப்பூர் மாவட்டம். பனியன் லோடு ஏற்றிய வண்டிகள் ராத்திரி பகலாக ஓடுகிற அதே சாலையோரத்தில்தான் அந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. அவிநாசியில் பிள்ளையை மீட்டுக்கொடுத்துவிட்டு மேற்கே போன சுந்தரர் திரும்பி வரவில்லை. யானை வந்தது, பின்னாலேயே குதிரையும் போனது. ஆடி சுவாதியில் இருவருக்கும் குருபூஜை.

கயிலை வாசலில் இருவரும் இறங்கினார்கள். அழைப்பில்லாமல் வந்த சேரமானை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள், சுந்தரர் உள்ளே போய்ச் சொல்லி, அதன்பின் அவரும் போனார், ஞானவுலா பாடினார். புராணம் அவர்களோடு உள்ளே போய்விடுகிறது. என் மனசு மட்டும் போவதில்லை. வாசலில் இறங்கி விடப்பட்ட அந்தக் குதிரையிடமே நின்றுவிடுகிறது. முதுகில் யாரும் இல்லை. போகவேண்டிய இடம் என்று இனி ஒன்றும் இல்லை. காதுக்குள் மந்திரம் மட்டும் இருக்கிறது. கடவுளின் வாசலில், யாரையும் சுமக்காமல், தன்பாட்டுக்கு நிற்கிற குதிரை! என் ஆயுசில் பெரும்பகுதி கழிந்த பிறகுதான் அந்தக் குதிரையை நான் கண்ணால் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சின்ன வயதில் எனக்குக் குதிரை என்றால் ஏறுவதுதான். திருப்பூர் ரயிலடியில் அப்போது ஜட்கா வண்டிகள் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். வாயில் கட்டிய கொள்ளுப் பைக்குள் மூக்கை விட்டுக் குதிரை மூச்சுவிடுகிற சத்தம், வாலை வீசி ஈ ஓட்டுகிற சத்தம், நின்ற இடத்திலேயே பின்னங்கால் ஒன்றை லேசாக மடித்து நுனிக்குளம்பில் தாங்கி நிற்கிற அந்த ஒய்யாரம். லாடம் அடிக்கிறவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக் குளம்பைச் சீவும்போது விழுகிற சீவலைப் பொறுக்கி டவுசர் பையில் வைத்துக்கொள்வேன். வீட்டில் அந்த நாற்றத்துக்கு அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமில்லை. ஜட்காக்காரர்களில் ஒருவர் மனசு வைத்து, சேணம் இல்லாத வெற்று முதுகில் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். அங்கிருந்து பார்த்தபோது ரயிலடியே வேறு ஊராகத் தெரிந்தது. எல்லாரும் தாழ்ந்து போனார்கள், நான் உயர்ந்துபோனேன். அந்த உயரத்தின் மேல் வந்த ஆசை வெகுகாலம் என்னை விடவில்லை.

படிப்பு ஏறவில்லை. பனியன் கம்பெனியில் கைமடிக்கும் பையனாகச் சேர்ந்து, செக்கிங், ஓவர்லாக் என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக் கட்டிங் மாஸ்டர் ஆனேன். வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வந்தால் ஞாயிறு விடியும் முன் நொய்யல் கரையில் இருப்பேன். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவர், ஊர்வலம் இல்லாத நாளில் குதிரையைக் காலாற விடவேண்டும் என்று என்னிடம் கொடுப்பார். அவருக்கு வேலை மிச்சம், எனக்கு மோட்சம். முழங்காலை அணைத்து, கடிவாளத்தை விரலால் பிடித்து, நடையிலிருந்து ஓட்டத்துக்கு அது மாறுகிற அந்த ஒரு கணத்தில், காதில் அடைத்திருக்கும் பஞ்சுத் தூசியெல்லாம் காற்றில் பறந்து போவதாகத் தோன்றும்.

ஆடி வந்தால் அந்தியூர். குன்னத்தூர், கோபி, அத்தாணி வழியாகப் போய்ப் புதுப்பாளையத்தில் இறங்கினால் குருநாதசுவாமி கோவில் திருவிழாவும் குதிரைச் சந்தையும். மகமேரு தேர்களைத் தோளில் சுமந்து ஜனம் வனக்கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் ஒரே தலைக்கடல். பக்கத்தில் தோட்டம் முழுக்க முளையடித்துக் கட்டிய குதிரைகள். மார்வாரி வகைக்கு இரண்டு காது நுனியும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். கத்தியவாரிக்கும் அப்படித்தான். அந்தக் காதுகளைப் பார்த்தாலே எனக்குக் கைகூப்பத் தோன்றும், ஏனென்றால் அவையே கூப்பித்தான் இருக்கின்றன. பறையடிக்கு ஏற்பக் காலெடுத்து ஆடும் நாட்டியக் குதிரைகள், கட்டில்மேல் ஏறி ஆடுகிறவை, சுழி சுத்தம் பார்க்கிறவர்கள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்கிறவர்கள். திப்பு சுல்தான் காலத்தில் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார்கள் என்று சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சாமி கும்பிட்டுவிட்டுக் குதிரை பார்க்கப் போவேனா, குதிரை பார்த்துவிட்டுச் சாமி கும்பிடப் போவேனா என்று வீட்டுக்காரி கேட்பாள். எனக்கு அப்போது இரண்டும் ஒன்றாக இல்லை. குதிரையை விலை கேட்பேன், சாமியிடம் அந்த விலைக்குப் பணம் கேட்பேன்.

இந்த இடத்தில் மாணிக்கவாசகரை நினைக்காமல் எப்படி இருப்பேன்? பாண்டியனின் அமைச்சர். கருவூலத்துப் பணத்தோடு குதிரை வாங்கப் போனவர். அந்தக் காலத்துக் குதிரை வியாபாரம் சாமானியமானதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபுக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை என்று கணக்குச் சொல்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். வந்தவற்றில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போனதையும், சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்குத் தின்னக் கொடுத்ததையும் மார்க்கோ போலோ சொல்கிறார். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஏற மட்டும் தெரிந்தது, அதன் வயிற்றை அறியத் தெரியவில்லை! குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிற்று வலியிலேயே புரண்டு உயிர்விடும். கடல் தாண்டி வந்த அத்தனை அழகும் இங்கே தொழுவத்தில் புரண்டிருக்கிறது.

மாணிக்கவாசகர் காலம் அதற்கும் முந்தியது. திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோவிலில், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரைப் பணம் கோவில் பணமாயிற்று. அரசன் குதிரை எங்கே என்றான். அப்போது இறைவன் என்ன செய்தான்? அமைச்சருக்காக வாதாட வரவில்லை. நெற்றிக்கண்ணைத் திறக்கவில்லை. நரிகளையெல்லாம் பரிகளாக்கி, தானே குதிரைக்காரனாக வேஷம் கட்டி, கடிவாளம் பிடித்துக்கொண்டு மதுரைத் தெருவில் வந்தான். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலையை இன்றும் நடத்துகிறார்கள். அண்டத்தையே அளந்து வைத்தவனுக்கு எடுத்துக்கொள்ள வேறு வேஷமா கிடைக்கவில்லை? ரயிலடியில் நான் பார்த்த ஜட்காக்காரர்களின் வேஷத்தை எடுத்துக்கொண்டான்! கொள்ளு நாற்றமும் வேர்வையும் உள்ள வேஷத்தை. அந்த வேஷத்தை நினைத்து நினைத்து ஆவுடையார்கோவில் மண்டபத்தில் நான் வாய்விட்டு அழுதிருக்கிறேன். அங்கே மூலவராக லிங்கம்கூட இல்லை, ஆவுடை மட்டும்தான். உருவமே இல்லாமல் இருக்கத் தெரிந்த ஒருவன், குதிரைக்காக மட்டும் ஒரு உருவம் எடுத்தான் என்று அங்கே நின்றபோது பட்டது.

கட்டிங் டேபிள் முன்னால் நின்றே காலம் போனதில் என் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தன. டாக்டர், இனிமேல் குதிரை ஏறுவதை மறந்துவிடுங்கள் என்றார். அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவந்து ஒரு டீக்கடை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆடியில் அந்தியூர் போகவில்லை.

அதே வருஷம் எங்கள் பக்கத்துப் பெருமாள் கோவில் ஒன்றில் பரிவேட்டை. தேர் முடிந்த பின் சாமி குதிரை வாகனத்தில் வேட்டைக்குப் புறப்படுவார். முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நான் சாமி தூக்கப் போயிருக்கக் கூடாது. ஆனால் தண்டில் ஒரு ஆள் குறைந்தது, அழைத்தார்கள், தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நுழைந்துவிட்டேன். குதிரை வாகனத்தைச் சும்மா நடந்து தூக்க மாட்டார்கள். முன்னால் நாலு எட்டு ஓடி, நின்று, பக்கவாட்டில் அசைத்து, பின்னுக்கு இழுத்து, மறுபடி பாய்ந்து ஓடவேண்டும். அப்போதுதான் முன்னங்கால் தூக்கிய மரக்குதிரை உயிர்வந்து தாவும். தவில் உச்சத்துக்குப் போனபோது என் தோளெலும்பில் அந்தத் தண்டு இறங்கிய பாரத்தோடு ஒன்று எனக்குள் உடைந்து திறந்தது. இத்தனை காலம் குதிரை என்னைச் சுமக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேனே! இதோ குதிரையை நான் சுமக்கிறேன். என் மேல் குதிரை, குதிரை மேல் பெருமாள். எல்லாரும் கோவிந்தா கோவிந்தா என்று கத்த, நானும் கத்தினேன். முழங்கால் எங்கே போனது என்றே தெரியவில்லை.

அதன் பிறகுதான் சிட்டுவைப் பார்த்தேன்.

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டக்காரர் எனக்கு மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். அந்தியூரிலிருந்து ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்திருக்கிறேன், வந்து பார் என்றார். தென்னந்தோப்பு நிழலில் அது நின்றது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பிடரி மயிர் கண்ணை மறைத்து விழுந்திருந்தது. உயரம் என் இடுப்புக்குக் கீழே. குட்டி என்று நினைத்தேன். பல்லைப் பார்த்தேன், முழுசாக வளர்ந்த பெண் குதிரை.

"ஏனுங்கண்ணா, இதுல யாரு ஏறுவாங்க?"

"ஏறறதுக்கெல்லாம் இல்லீங்க தம்பி. சும்மா நிக்கட்டும்னு வாங்கியாந்தது."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு பாரம் வரைக்கும் நோகாமல் சுமக்கும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி இதன் முதுகில் ஒரு சின்னப் பிள்ளையைத்தான் உட்காரவைக்கலாம். பெரியவன் எவனும் எந்தக் காலத்திலும் ஏற முடியாது. ஏறவே முடியாத குதிரை! அப்புறம் எதற்கு அது? என்ன பிரயோஜனத்துக்கு? கேள்வி நெஞ்சில் எழும்போதே அதற்குப் பதிலும் எழுந்துவிட்டது: கும்பிடுவதற்கு.

உலகத்தில் இந்தச் சிற்றுருவம் பட்ட பாட்டையும் அதன் பிறகு தேடிப் படித்தேன். 1842-இல் பிரிட்டனில், பெண்களையும் பத்து வயசுக்குள்ளான பையன்களையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அந்த இடத்தை நிரப்ப ஷெட்லாண்டு தீவுகளின் குட்டைக் குதிரைகளை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். குனிந்து போகவேண்டிய சுரங்கத்தில் வண்டி இழுக்க உயரம் குறைந்தவைதான் தோது. சூரியனைப் பார்க்காமலே உழைத்துச் செத்தவை எத்தனையோ. அர்ஜென்டினாவில் ஃபலபெல்லா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்துக் குட்டைக் குதிரைக்கு ஒரு வம்சமே உண்டாக்கினார்கள். அமெரிக்காவில் ஒரு முக்கியச் சங்கத்தில் குட்டைக் குதிரை என்று பதிவு செய்ய, பிடரியின் கடைசி மயிர் முளைக்கிற இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 2006-இல் கின்னஸில் இடம்பெற்ற தம்பெலினா வெறும் பதினேழரை அங்குலம். அங்கே கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டவும் குட்டைக் குதிரைகளைப் பழக்குகிறார்கள். சுரங்கத்து இருட்டில் உழைத்த இனம், கண் இல்லாதவருக்குக் கண்ணாக நிற்கிறது. இதைக் கருணை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல!

சிட்டுவின் கண்ணைப் பார்க்க முழங்காலிடவேண்டும். என் தேய்ந்த முழங்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றித்தான் முதன்முதலில் அதைப் பார்த்தேன். நிலத்தில் வாழும் பிராணிகளில் மிகப் பெரிய கண்களில் ஒன்று குதிரையின் கண். பாவை வட்டமாக இருக்காது, கிடைமட்டமாக நீண்டிருக்கும். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றிலும் பார்த்துவிடும். அதற்குத் தெரியாத இடங்கள் இரண்டுதான்: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கு நேர் முன்னால். நாம் ஆசை ஆசையாக நீட்டுகிற கை அதன் நெற்றிக்கு முன்னால் வரும்போது அதற்குத் தெரிவதே இல்லை. அதனால் தோள் பக்கம் போய் நின்று, கையைக் கழுத்தில் வைக்கவேண்டும். பெரிய குதிரைகளோடு அத்தனை காலம் பழகியும் இதை நான் கவனித்ததில்லை. மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு அதன் கண் எப்படித் தெரியும்? பின்னந்தலைதானே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக விழும். நூறு சதவீதக் காட்டன், சாயம் ஏற்றாத வெள்ளைத் துண்டுகளாகப் பொறுக்கி, கேட்டு வாங்கிக்கொண்டு போவேன். ஒரு துண்டை வெந்நீரில் நனைத்துக் கண் ஓரத்துப் பீளையைத் துடைப்பேன். இன்னொன்றில் மூக்கு. அதன் மூக்கும் மேலுதடும் சேருகிற இடம் காம்பாக்டிங்கிலிருந்து அப்போதுதான் வந்த இன்டர்லாக் துணியைத் தொட்ட மாதிரி இருக்கும். உலகத்தில் இருக்கிற துணியெல்லாம் தொட்டுப் பார்த்த விரல் இது, பொய் சொல்லாது. காய்ந்த துண்டால் முதுகை மயிர் போகிற திசையில் தேய்த்தால், சுகத்தில் மேலுதட்டை நீட்டி நீட்டிக் காற்றைத் தடவும். எக்ஸ்போர்ட்டுக்குப் போகாமல் விழுந்த துணிக்கு இப்படி ஒரு கைங்கர்யம் கிடைத்ததே என்று நினைத்தால் தொண்டை அடைக்கும்.

குளம்பைச் சீவவும் அதற்கென்று உள்ளவரிடம் கற்றுக்கொண்டேன். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவவேண்டும். இந்தச் சின்ன உடம்புக்குத் தீனி அதிகமானால் கொழுப்பு ஏறும், குளம்புக்குள் அழற்சி வந்து காலூன்ற முடியாமல் போகும். பாசத்தில் அள்ளி அள்ளிக் கொடுப்பதே அதற்கு எமன். பிரசாதத்தை விரல்நுனியில் தருவது போல அளந்துதான் தரவேண்டும். காய்ந்த புல், சுத்தமான தண்ணீர், நக்க ஒரு உப்புக்கட்டி, காலாற ஓட இடம். இவ்வளவுதான் அது கேட்பது.

ஒரு மத்தியானம். தை மாதத்து வெயில், தோப்புக்குள் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. தேய்த்து முடித்து நான் தென்னையில் சாய்ந்து உட்கார்ந்தேன். குதிரை நின்றபடியே தூங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கால் மூட்டுகளைப் பூட்டிக்கொள்ளும் ஒரு அமைப்பு அதற்கு உண்டு. ஆனால் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும். படுத்திருக்கும் குதிரையால் உடனே எழுந்து ஓட முடியாது. ஓட்டம் ஒன்றையே ஆயுதமாகக் கொண்ட பிராணிக்குப் படுப்பது என்றால் உயிரை இன்னொருவர் கையில் கொடுப்பதுதான். பயமில்லாத இடத்தில், நம்பினவர் பக்கத்தில் மட்டும்தான் படுக்கும்.

சிட்டு என் எதிரில் வந்து நின்றது. இரண்டு முறை மண்ணை முகர்ந்தது. முன்னங்கால்களை மடித்தது. பின்னங்கால்கள் மடிந்தன. ஒரு பெருமூச்சு விட்டுச் சாய்ந்து, கழுத்தை நீட்டி, தலையை என் கால் மாட்டில் மண்ணோடு மண்ணாக வைத்துக் கண்ணை மூடியது.

நான் அசையவில்லை. எங்கப்பனே, நான் எதைச் செய்து இதைச் சம்பாதித்தேன்! வாழ்நாளெல்லாம் உன் முன்னால் வந்து நின்றேனே, ஒரு தரமாவது இப்படி விழுந்தேனா? கேட்க வந்தேன், பேரம் பேச வந்தேன், முழங்கால் வலிக்கிறது என்று முறையிட வந்தேன். கால் மடித்துத் தலை சாய்த்து, இனி உன் பாடு என்று கண்மூட எனக்குத் தெரியவில்லையே. 34 அங்குலம் உயரமுள்ள இந்த வாயில்லா ஜீவனுக்குத் தெரிகிறதே! அதன் விலா ஏறி இறங்கியது. மூடிய இமைக்குள் கண் ஓடியது. உதடு துடித்தது, குளம்புகள் லேசாக உதைத்தன. கனவில் எங்கோ ஓடுகிறது. எந்த வெளியில் ஓடுகிறாய் தாயே? யார் இருக்கிறார்கள் உன் முதுகில்? மெல்லக் குனிந்தேன். சின்ன இலை போன்ற அதன் காது என் மூச்சுக் காற்றில் திரும்பியது. அந்தக் காதில் ஐந்தெழுத்தைச் சொன்னேன். சொன்னது நானா, கேட்டதும் நானா, தெரியவில்லை. கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது. துடைத்துக்கொள்ளக் கையில் அந்த வேஸ்ட் துணிதான் இருந்தது, குதிரை முதுகுத் தூசியோடு முகத்தில் ஒற்றிக்கொண்டேன். திருநீறு பூசினாலும் அத்தனை குளுமை வந்திருக்காது. வெயில் பொட்டுகள் நகர்ந்தன, தோப்பு முழுவதும் ஒரே வெளிச்சமாக, உள்ளும் புறமும் ஒரே ஆனந்தமாக இருந்தது. அண்ணன் மோட்டார் போட வந்தவர் இதைப் பார்த்துவிட்டு, மோட்டார் போடாமலே திரும்பிப் போய்விட்டார். பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து காவல் தெய்வங்களின் குதிரைகளை வேறு மாதிரிப் பார்க்கிறேன். எங்கள் கொங்கு நாட்டில் எந்தக் கருப்பராயன், முனியப்பன் கோவிலுக்குப் போனாலும் குதிரை நிற்கும். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு 30 அடிக்கும் மேல் உயர்ந்த குதிரை. மாசி மகத்தில் காகிதப்பூ மாலைகள் அதன் கழுத்திலிருந்து தரை வரைக்கும் அடுக்கடுக்காக விழும். சிவகங்கைச் சீமையில் புரவி எடுப்பு: ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் மண்ணைக் குழைத்து, உள்ளே கூடாக விட்டு, துண்டு துண்டாக வளர்த்துச் சூளையில் சுட்டுக் கொடுப்பார்; அவரே கண்திறப்பார்; ஊரே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அய்யனாரிடம் போகும். இங்கே திருப்பூர் மாவட்டத்திலேயே, உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலில், தைப்பொங்கலை ஒட்டி விவசாயிகள் கறந்த பாலைக் கொண்டுவந்து சாமிக்கு ஊற்றி, தங்கள் ஆடுமாடு நோய்நொடி இல்லாமல் இருக்க மண்ணால் செய்த உருவாரங்களை வைத்து வேண்டிக்கொள்வார்கள். உள்ளங்கை அகலப் பசு, உள்ளங்கை அகலக் கன்று. வைத்துவிட்டு அதன் நெற்றியைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பாட்டிகளை அங்கே பார்த்திருக்கிறேன். குளமங்கலத்தில் வானத்தைத் தொடுகிறவனுக்குச் சோமவாரப்பட்டியில் உள்ளங்கை அகலம் போதுமாயிருக்கிறது.

முப்பதடிக் குதிரையிலும் யாரும் ஏற முடியாது, இடுப்புக்கு எட்டாத சிட்டுவிலும் பெரியவர் எவரும் ஏற முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உயரத்தில்தான் நாம் ஏறி, ஓட்டி, விற்று, வாங்கி, சண்டைக்குப் போயிருக்கிறோம். சிட்டுவின் வெற்று முதுகைத் தேய்க்கும்போதெல்லாம் அது வெற்றாகத் தெரிவதில்லை எனக்கு. மனுஷன் உட்கார முடியாத இடம் என்பதால் அங்கே வேறு யாரோ எப்போதும் உட்கார்ந்திருப்பதாகப் படுகிறது. அந்த முதுகின் மேல் என் கை பட்டால், படக்கூடாத இடத்தில் பட்டுவிட்ட மாதிரிக் கை நடுங்கும். அப்புறம் அதுவே திரும்பி என் தோளில் மூக்கை உரசி, தேய், தேய் என்று சொல்லும்.

நல்ல பராமரிப்பு இருந்தால் இந்த இனம் முப்பது வயசைத் தாண்டியும் இருக்கும். எனக்கு அப்புறமும் அது இருக்கும் என்று நினைத்தால் மனசு நிறைகிறது. பேத்தி இப்போதே என்னோடு வருகிறாள். அவள் உயரமும் அதன் உயரமும் ஒன்று. நான் முழங்காலிட்டுப் பார்ப்பதை அவள் நின்றபடியே பார்க்கிறாள். அவளை முதுகில் ஏற்றட்டுமா என்று அண்ணன் கேட்டார், அந்தப் பாரத்தை அது தாங்கும்தான். "வேண்டாம், அது பாவம், நான் கூடவே நடந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அதன் பிடரியைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகப் போனாள். அவளுக்கு எத்தனை சீக்கிரம் கிடைத்துவிட்டது!

ஆடி பிறக்கப் போகிறது. மறுபடி அந்தியூர் போகிறேன், இந்த முறை யாரிடமும் விலை கேட்கப் போவதில்லை. நீங்களும் வாருங்கள். குருநாதரைக் கும்பிடுங்கள், மகமேரு தேருக்குத் தோள் கொடுங்கள், பறைக்கு ஆடுகிற நாட்டியக் குதிரைகளைப் பார்த்து மகிழுங்கள். அங்கேயே நின்றுவிடாமல், சந்தைக் கடைசியில் மட்டக்குதிரைகள் கட்டியிருக்கிற வரிசைக்கும் வந்துவிடுங்கள். நெற்றிக்கு நேராகக் கை நீட்டாதீர்கள், தோள் பக்கமாகப் போய் முழங்காலிடுங்கள். குதிரைக்காரரைக் கேட்டுக்கொண்டு ஊறவைத்த கொள்ளு ஒரு பிடி கொடுங்கள், கையை விரித்துத் தட்டையாக வைத்து. ஒரு பிடிக்கு மேல் வேண்டாம், அந்த வயிற்றுக்கு ஆகாது.